பின்னால் வரும் படகு

செப்டம்பர் 9

வண்டியின் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி ஓடினால், போய்ச் சேருவதற்குள் அணைந்துவிடுகிறது. கடைசியில் தோட்டத்துச் செங்கல் ஒன்றை பிரேக் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். எரிகிறது. ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு நர்ஸ் இருப்பாள், அல்லது ஒரு தம்பி. குரல் கொடுத்தால் போதும். ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றுக்கும் செங்கல்.

அக்கா போன் செய்தாள். "படகா? உனக்கு எதுக்குடி படகு? அதுக்கு ஒரு நல்ல பீரோ வாங்கலாம்ல?" பீரோவில் வைக்க என்னிடம் என்ன இருக்கிறது. மகனுக்குப் படகின் படத்தை அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

எதற்கு என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் ஏரிப் பாலத்தைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்னால் ஒருவர் உயிருக்குப் போராடும்போது யார் தண்ணீரைப் பார்ப்பார்கள்? ஒரு நாளாவது அந்தத் தண்ணீர் மேல் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

நாளை விடியற்காலை கிளம்ப வேண்டும். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, படகை இழுத்துவர.

செப்டம்பர் 11

போய்ச் சேர்ந்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னப் படகு. மரம், வெளுத்த நீலம், குனிந்து நுழைய ஒரு குட்டி அறை, பின்னால் மோட்டார். தகரக் கொட்டகையில், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் மேல் நின்றது. விற்றவர் எண்பதை நெருங்குபவர், கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பேச்செல்லாம் மகள்தான். பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலையாம், அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள். "அப்பாவால இனிமே முடியாது மேடம். தண்ணிப் பக்கமே விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள். கையெழுத்தை அவரே போட்டார், நிதானமாக.

நான் படகைப் பெல்ட் போட்டுக் கட்டியபோது அவர் சுற்றி வந்தார். நான் கட்டியதை அவிழ்த்து அவர் கட்டினார். பிறகு தான் கட்டியதையே அவிழ்த்து மறுபடி கட்டினார். "போதும்பா" என்று மகள் கையைப் பிடித்தாள்.

கிளம்பும்போது ஜன்னலில் கை வைத்து, "பத்திரமா கொண்டு வா" என்றார். கொண்டு போ என்பதைத்தான் வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12

படகைப் பார்த்தால் எல்லோருக்கும் பேச்சு வந்துவிடுகிறது. பெட்ரோல் போடும்போது ஒருவர் வந்து டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார்.

"எத்தன பேர் உக்காரலாம்?"

"நாலு பேர்."

"உங்க வீட்ல எத்தன பேர்?"

பெட்ரோல் மூடி சரியாக மூடவில்லை என்பதுபோல் அதையே திருகிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் மானம் போயிற்று. சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் முன்னால் ஒரு லாரி. பின்னால்தான் எடுக்க வேண்டும். வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடது பக்கம் போகிறது. சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறது, என் மகன் சின்ன வயதில் செய்த மாதிரி. எவ்வளவு குறுகிய சந்துகளில் ஆம்புலன்ஸைப் பின்னால் எடுத்திருக்கிறேன்! கடைசியில் லாரிக்காரரே இறங்கி வந்து, "நகருங்கம்மா" என்று எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவருக்குத்தான்.

அதன் பிறகு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரியர்வியூ கண்ணாடி நிறைய நீலம். திரும்பத் திரும்ப அதைத்தான் பார்த்தேன். வருகிறாயா, வருகிறாயா என்று.

செப்டம்பர் 13

கண்ணாடியில் புகை. ஓரம் கட்டிப் பார்த்தால் டிரெய்லரின் ஒரு சக்கரம் தொட முடியாத சூடு. ஊர்ந்து ஊர்ந்து ஒரு சின்ன ஊரின் பட்டறைக்கு வந்தேன். பேரிங் போய்விட்டதாம். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இதுக்கு முன்னாடி என்ன வண்டி ஓட்டினீங்க?"

"ஆம்புலன்ஸ்."

"அதான். பின்னாடி மாட்டினதும் தானா கூடவே வந்துடும்னு நெனச்சு ஓட்டியிருக்கீங்க."

பேரிங் வெளியூரிலிருந்து வர வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும் என்கிறார். எதிரே ஒரு தங்கும் விடுதி. அறையில் கட்டில், ஒரு நாற்காலி, ஓட்டினால் கடகடக்கும் மின்விசிறி. ஜன்னலிலிருந்து பட்டறை தெரிகிறது. ஒரு பக்கம் சக்கரம் இல்லாமல், ஜாக்கி மேல், படகு தலை சாய்த்து நிற்கிறது.

செப்டம்பர் 14

படகு விற்றவரின் மகள் அழைத்தாள்.

"அப்பா கொட்டகைல நிக்கிறார் மேடம். படக யாரோ திருடிட்டாங்கன்னு அக்கம் பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டுட்டார். போலீசுக்கும் போன் பண்ணிட்டார். வித்தது ஞாபகமே இல்ல. நீங்க... திருப்பிக் கொண்டு வர முடியுமா? நீங்க குடுத்த பணத்த அப்படியே குடுத்துடறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு வந்ததே கோபம்!

நான் என்ன சட்டையா வாங்கினேன், அளவு சரியில்லைன்னா மாத்திக்க? ஊர்ல இருக்கறவங்க அப்பா, அம்மா, பிள்ளைகளையெல்லாம் தூக்கிட்டு ஓடினேன். எனக்குன்னு ஒண்ணு வாங்கினேன். ஒண்ணே ஒண்ணு! அதுவும் இன்னொருத்தர் வீட்டு அப்பாவுக்குத்தானா?

தர முடியாது என்று மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 15

சாயங்காலம் நாலு மணி வாக்கில் மகளின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் அவர்.

"யார் நீ? என் படகு எங்க?"

மனசில் வைத்திருந்த கோபமெல்லாம் போய், ஆம்புலன்ஸில் பழகிய குரல் தானாக வந்துவிட்டது. பதறுகிறவர்களிடம் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

"ஐயா, படகு பத்திரமா இருக்கு. சக்கரம் சூடாயிடுச்சு. பட்டறைல பேரிங் மாத்தறாங்க."

அந்தப் பக்கம் மூச்சு மெதுவாக இறங்கியது. "மழை பெய்யுதா அங்க?"

"இல்லைங்கய்யா."

"பெஞ்சா மூடிப் போடு."

"சரிங்கய்யா."

"நீ சாப்டியா?"

என்னிடம் இதை யாராவது கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டேன், சூப்பில் உப்பே இல்லை என்று ஒரு பாட்டம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் யோசித்தேன். அன்றைக்கு ஜன்னலில் வாய் தவறவில்லை அவருக்கு. நான் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவேன் என்றுதான் அப்போதே நினைத்திருக்கிறார்.

செப்டம்பர் 16

மறுபடி அழைத்தார். அதே கேள்விகள், அதே பதில்கள். நாலு மணிக்கு முன்னாலேயே போனைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

செப்டம்பர் 17

பேரிங் வந்தது. மத்தியானம் கிளம்பினேன். நாலு மணிக்கு அழைப்பு வந்தபோது ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று பேசினேன்.

"எப்ப திரும்பி வர்ற?" என்று கேட்டார்.

"சீக்கிரம் வந்துடறேன்யா" என்றேன். அவர் சந்தோஷப்பட்டது குரலிலேயே தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது, எனக்கும்.

செப்டம்பர் 18

காலையிலேயே மகள்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஏன், என்ன ஆச்சு?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து வாசல் கேட்டே கதின்னு இருக்கார். இன்னிக்கு நல்ல சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறார். சாப்பிட உள்ள வரமாட்டேங்கறார். உங்களுக்கு அது ஒரு வார்த்தை. சொல்லிட்டுப் போயிட்டே இருப்பீங்க. தினமும் அவர உள்ள இழுத்துட்டு வரவேண்டியது நான்தானே?"

"ஒரு ஆறுதலுக்குத்தாம்மா சொன்னேன்."

"யாருக்கு ஆறுதல்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வண்டியை நிறுத்தியபடியே உட்கார்ந்திருந்தேன். லாரிகள் கடக்கும்போதெல்லாம் படகு ஆடி, வண்டியும் ஆடியது. யாருக்கு? ஒண்ணுமில்ல, சரியாயிடும், இதோ வந்துட்டோம் — வருஷக்கணக்காக இதைத்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் என் வேலை முடிந்தது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மறுநாள் அவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று பார்க்க நான் இருந்ததே இல்லை.

திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் தெரிகிறது. ஒருநாள் மகள் வேலைக்குப் போயிருக்கும்போது படகைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவார். அது உதவி இல்லை. வருவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் இதுவும் உதவி இல்லை.

நாலு மணிக்கு அழைப்பு வரவில்லை. எடுத்துப் பார்த்தேன், வைத்தேன், எடுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 19

நானே மகளை அழைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அவர் பக்கத்தில் இருங்கள் என்றேன். போனை அவரிடம் கொடுத்தாள்.

"ஐயா, படகு திரும்பி வராது. நீங்க வித்துட்டீங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கணும்."

"கூட யாரு?"

"யாருமில்லைங்கய்யா. நான் மட்டும்தான்."

"தனியா போகாத" என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு போன் கை மாறியது. மகள் வைத்துவிட்டாள்.

எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. தெரியவில்லையா என்ன.

செப்டம்பர் 20

வீடு. படகைப் பின்னால் தள்ளி முற்றத்துக்குள் விடுவதற்குள் வேலியில் ஒரு கம்பம் போய்விட்டது. கதவைத் திறந்தால் பூட்டி வைத்திருந்த வீட்டு வாசனை. வந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. யாரிடம்?

நாலு மணிக்கு அவர் அழைத்தார். "என் படகு எங்க?"

அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 23

சொன்னேன். இன்று அழுதார்.

செப்டம்பர் 24

சொன்னேன். இன்று சிரித்தார். "நானா வித்தேன்? என் பொண்டாட்டி இருந்தா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா" என்றார். பின்னால் மகளும் சிரித்தது கேட்டது. அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 28

படகு தண்ணீரில்!

ஏரிக் காவலாளி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, டிரெய்லரைச் சரிவில் இறக்கினேன். நாலாவது முயற்சியில் நேராக இறங்கியது. படகு டிரெய்லரை விட்டு மிதந்தபோது வண்டி லேசாகிவிட்டது. இத்தனை நாள் முதுகில் உணர்ந்த பாரம் சட்டென்று இல்லை. அது கொஞ்சம் பிடிக்கவில்லை எனக்கு.

மோட்டாரைத் தொடவில்லை. கரையோரமாக, காவலாளியின் பார்வையில், கட்டிய கயிறோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். மேலே பாலத்தில் ஒரு ஆம்புலன்ஸ் போயிற்று. யார் ஓட்டுகிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை.

நாலு மணிக்கு அவரிடம் சொன்னேன். முதலில் விற்றதை. பிறகு மிதப்பதை. "உள்ள தண்ணி வருதா?" என்று கேட்டார். கொஞ்சம் வருகிறது என்றேன். "கொட்டகைல ரொம்ப நாள் காஞ்சு கெடந்துச்சு. மரம் ஊறினா நின்னுடும்" என்றார். சற்றுக் கழித்து, "நல்லவேளை, யாராவது எடுத்துட்டுப் போனாங்களே" என்றார்.

அக்டோபர் 5

காவலாளி ஞாயிறுதோறும் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். திட்டுகிறார். ஏரியின் பாதி வரை போனோம்.

அக்டோபர் 17

மூன்றாவது நாளாக இன்றும் நாலரை ஆகியும் அழைப்பு வரவில்லை. நானே அழைத்தேன். அவர்தான் எடுத்தார்.

"ஐயா, நான்தான். இன்னிக்குப் படக எடுத்துக்கிட்டு அக்கரை வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றேன்.

"யாரும்மா பேசறது?"

"படகு வாங்கினவங்க."

"படகா?" மரியாதையாகச் சிரித்தார். "எனக்கேதும்மா படகு? நான் கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கேன். கண்ணாடி ஏதாவது வேணுமா?"

வேண்டாம் என்றேன். சரி என்று போனை அப்படியே எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டார். காலடிச் சத்தம் தூரமாகப் போனது. இனி கேட்டில் நிற்க மாட்டார். இனி நான் அவரிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நிம்மதி என்று இதற்குப் பெயர் வைக்க முடியவில்லை.

போனை வைக்கப் போகும்போது அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். மகள்.

"கேட்டுட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"மூணு நாளா இப்படித்தான்."

இதோடு முடிந்தது, இவளுக்கும் எனக்கும் இனி என்ன பேச்சு என்று நினைத்தேன். பாத்திரம் நகர்த்தும் சத்தமும் குழாய் திறக்கும் சத்தமும் கேட்டன.

"அக்கா" என்றாள். மேடம் என்றுதான் இதுவரை கூப்பிட்டிருக்கிறாள். "அக்கரைல என்ன இருந்துச்சு? நீங்க சொல்லுங்க, நான் கழுவிக்கிட்டே கேக்கறேன்."