கேடயத்தின் கோடுகளைக் கேட்காமல் எடுத்தேன்

என் உயிரான அக்காவுக்கு,

திருக்கோகர்ணம் முக்கில் தொங்கிய உன் நினைவஞ்சலி ஃப்ளெக்ஸை நேற்று நானே ஏறி அவிழ்த்துவிட்டேன். ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இங்கே யார் செத்தாலும் என் கடையில்தான் ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். லீவில் வந்த இடத்தில் நெஞ்சுவலி என்று நீ சாய்ந்துவிட்டாய். என் அக்காவுக்கு எப்படி அடிக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவின் மழைக்காட்டு ஊரில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் உன் வாயில் மார்லின் பேச்சுத்தான். அந்தக் காட்டின் பூர்வகுடி ஓவியர். அத்திமரத்தின் பலகைபோல் அகன்ற வேரில் கேடயம் செதுக்கி, காவிமண்ணும் வெள்ளைக் களிமண்ணும் கரியும் குழைத்துத் தீட்டுகிறவர். உனக்கு அவர் கொடுத்த கேடயம் நம் கூடத்துச் சுவரில் இருக்கிறதே, அதைப் படமெடுத்து, அதே கோடுகளை உன் முகத்தைச் சுற்றிக் கரையாகப் போட்டேன். உன் பேர் ஒரு முழ உயரத்துக்கு. எனக்கு ஒரே பெருமை.

மார்லினுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பத்து நாள் பதிலே இல்லை. உன்னோடு அத்தனை பழகியவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எனக்கு எரிந்தது. பிறகு அவரே கூப்பிட்டார். அவருடைய இங்கிலீஷை என் மகள் கயல் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, அந்தக் கோடெல்லாம் அவங்க அம்மா வழிக் குடும்பத்தோடதாம். அவங்களே தீட்டணும்னாலும் பெரியவங்கள்ட்ட கேக்கணுமாம். அத்தைக்குக் குடுத்தது கேடயத்த மட்டுந்தானாம். அப்பறம், செத்தவங்க பேரயும் மொகத்தையும் அவங்க குடும்பத்துல கொஞ்ச காலத்துக்குச் சொல்லாம, காட்டாம எடுத்து வச்சிருவாங்களாம். அத்தை பேரச் சொல்லாம இருக்கறதே அத்தைக்காகத்தானாம்."

"அழுறாங்களா?"

"ம். நீங்க அங்கிட்டுப் போங்கப்பா, நான் பேசிக்கிறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, அக்கா. விஷயம் உன் ஃப்ளெக்ஸோடு நிற்கவில்லை. கரை அழகாக இருக்கிறதென்று கீரனூரில் ஒரு காதுகுத்துக்கும் அதையே போட்டுக் கொடுத்திருந்தேன். பஸ் ஏறிப் போனேன்.

"நல்லாத்தானங்க இருக்கு, எதுக்கு அவுக்கணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"அது இன்னொருத்தங்க வீட்டுச் சொத்துங்க. கேக்காம எடுத்துட்டேன்."

ஏற இறங்கப் பார்த்தார். "விசேஷம் முடியட்டும், பாப்போம்" என்று உள்ளே போய்விட்டார். இன்னும் அங்கே தொங்குகிறது. எத்தனை பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்களோ.

மார்லின் குடும்பம் கூடிப் பேசப் போகிறதாம். கேடயத்தையே திருப்பிக் கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அம்மா தினமும் அதைத் தொட்டுத்தான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவளை எப்படி நிறுத்துவேன்? நிறுத்தத்தான் வேண்டுமா?

கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கோடுகளை அழித்துவிட்டேன். நாளை வேறு ஃப்ளெக்ஸ் அடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு கீரனூர் போகிறேன். மார்லின் சரி என்று சொல்லும் வரை உன் பேரை நான் எங்கும் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்திலும் அது இல்லை, பார்த்தாயா? ஒரு முழ உயரத்துக்கு அடித்தபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. இதில் எழுதாமல் விடும்போது வருகிறது.

உன் இடுப்பில் வளர்ந்த தம்பி