காரம் போடாத ஜாடி

அன்பு மகள் யுன்ஹீக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், அம்மாவையும் சேர்த்து அப்படி எழுதத்தான் கை வரவில்லை. அவளுக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகி, சாப்பிட்டதெல்லாம் புளிப்பாகத் தொண்டைக்கு எதுக்களித்து வருகிறது, குரலும் கம்மிவிட்டது. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது, எதைச் சாப்பிட்டால் எரிகிறதோ அதை விட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர். அவளுக்கு மிளகாயும் பூண்டும்தான் ஆகவில்லை. கொஞ்ச நாள் வெறும் அரிசிக் கஞ்சியில் இருந்தாள், நன்றாகவே தணிந்தது. அதற்குள் கோஸில் மிளகாய் விழுது தடவி, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறப்போடும் நாள் வந்துவிட்டது. தெருப் பெண்கள் எல்லாரும் நம் முற்றத்தில் கூடிவிட்டார்கள். மிளகாய் விழுதை வாயில் வைத்து உப்பு சரி என்று சொல்ல வேண்டியவள் உன் அம்மா அல்லவா, பாத்திரத்துக்குப் பாத்திரம் வழித்து நாக்கில் வைத்தாள். நான் கையைப் பிடித்தேன். "உங்க நாக்குக்கு உப்பும் ஒண்ணுதான் உமியும் ஒண்ணுதான், போய்க் கோஸைத் தூக்குங்க" என்றாள். பக்கத்து வீட்டு மால்சூனும் சேர்ந்துகொண்டு, "விடுங்கண்ணே, அவ ருசி பாக்கலேன்னா குளிர் முடியற வரைக்கும் நாங்க என்னத்தத் திங்கிறது" என்றாள். வேலை முடிந்ததும், வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுற்றி ஒருத்திக்கு ஒருத்தி ஊட்டினார்கள். ஊட்டுகிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, எல்லாருடைய கையிலும் அம்மா வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள். முதுகுக்குத் தலையணை வைப்பதைத் தவிர எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவமாகவும் இருக்கிறது, கோபமும் வருகிறது.

போன வாரம் ஒரு சின்ன ஜாடியில், மிளகாயும் பூண்டும் இல்லாமல், பேரிக்காய் போட்டு வெள்ளைக் கிம்ச்சி வைத்தாள். அப்பாடா, ஒருவழியாகப் புத்தி வந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அது சாப்பாட்டுக்கு வரவே இல்லை. கேட்டதற்கு, "அது யுன்ஹீக்கு. அவளுக்கும் நெஞ்சு கரிக்குதாம், போன்ல சொன்னா" என்று சொல்லிவிட்டு, சிவப்புக் கிம்ச்சியைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டாள்.

இந்தப் பெட்டியில் வருவது அந்த ஜாடிதான். உடனே திறக்காதே. அம்மாவுக்குப் போன் பண்ணி, "நீயும் உனக்கு ஒரு ஜாடி இதேபோல் போட்டுச் சாப்பிட்டால்தான் நான் தொடுவேன்" என்று சொல். நான் சொல்லி ஓய்ந்துவிட்டேன். நீ பட்டினி கிடப்பாய் என்றால்தான் அவள் பயப்படுவாள். உனக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. சாப்பிட்ட கையோடு படுக்காதே, நீயாவது கேள்.

உன் அப்பா