அளவுச் சட்டைக்கு அடங்காத நாளம்

இன்று காலை வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதி என் இடப்பக்கம் நின்றாள். நான் வலக்கையை நீட்டினேன். இடக்கையில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. சிறுநீரகம் பழுதான உங்களுக்குத் துணையாக டயாலிசிஸுக்கு வந்து வந்து, இடக்கையில் அழுத்தம் பார்க்கும் பட்டி கட்டக்கூடாது என்பது எனக்கும் பழகிவிட்டது.

உங்கள் இடது முழங்கை மடிப்பில், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாடியையும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தையும் தைத்து இணைத்திருந்தார்கள். நாடியின் வேகத்தில் பாயும் இரத்தத்தால் மேற்கை நாளம் பெருத்து, ஊசியைத் தாங்கும் அளவுக்குத் தடிக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தில் போட்ட குழாய்தான் தொடரும். அந்தக் குழாயோடு மகளின் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று சொல்லியிருந்தீர்கள்.

"மெல்லிசு நாளம், ரீச்சர். இந்த வேகத்துக்கு வெடிக்காதோ?"

விஞ்ஞானம் படிப்பித்தவள் உதாரணம் இல்லாமல் வாய் திறப்பேனா? என் கம்பளிச் சட்டையின் கையை இழுத்துக் காட்டினேன். முதலில் இலேசாக நீண்டது. நெளிந்து கிடந்த நூல்கள் நேரானதும் அதற்கு மேல் நீள மறுத்தது. நாளத்தின் சுவரிலும் இப்படி நெளிந்த நார்கள் உண்டு, அழுத்தம் கூடினால் அவை நிமிர்ந்து இறுக்கிப் பிடிக்கும் என்றேன். நாளம் அகல அகலச் சுவரில் விழும் இழுவையும் கூடும். அதைத் தாங்கத்தான் கிழமைக்கணக்கில் தசையும் நாரும் சேர்த்துச் சுவர் தடிக்கிறது.

நீங்கள் அடுத்த கேள்வியைப் போட்டீர்கள். "எங்க நிப்பாட்டோணும் எண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?"

சில நாளங்கள் உட்புறமாகவும் தடித்துத் தம் வழியைத் தாமே அடைத்துக்கொள்ளும். ஏன் சிலவற்றில் மட்டும் அப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களுடையது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கழுத்துக் குழாய் போயிற்று. நாளத்தில் பாயும் இரத்தத்தின் அதிர்வு தோலைத் தொட்டாலே தெரிந்தது. "கைக்குள்ள ஒரு பூனை படுத்திருந்து உறுமுது" என்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தொட்டுப் பார்க்க வைத்தீர்கள்.

பிறகு மகளின் கலியாணம். பழைய அளவுச் சட்டையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிச் சேலைச் சட்டை தைப்பித்திருந்தீர்கள். தையல்காரர் அளவு பிசகவில்லை. கைதான் பழைய கை இல்லை. பிளாக்டவுன் மண்டபத்தின் பின்னறையில் என் விரல்களைப் பிடித்து உங்கள் முழங்கைக்கு மேல் வைத்தீர்கள்.

"ரீச்சர், பூனையைக் காணேல்லை."

உண்மைதான். சட்டைக்கை நாளத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இரத்தம் தேங்கி உறைந்துவிட்டால் மறுபடியும் கழுத்துக் குழாய். பூமாலை கட்டிய இடத்திலிருந்து கத்தரிக்கோல் எடுத்து வந்தேன்.

"பொருத்தில வெட்டுங்கோ. துணியில கை வைச்சுப் போடாதேங்கோ, பட்டு."

கைப் பொருத்தின் தையல் பிரிந்தது. வெளியே மேளம். விரலுக்கடியில் முதலில் ஒரு சிறு நடுக்கம், பிறகு பழைய உறுமல்.

"வந்திட்டுது," என்றேன்.

"அதைச் சோதினைத் தாள் திருத்துற முகத்தோட சொல்லாதேங்கோ. கலியாண வீடு, சிரியுங்கோ."

சேலைத் தலைப்பின் மடிப்பை விரித்து இடக்கையை மூடிக்கொண்டு, தாலி கட்டும்வரை மகளுக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

போன குளிர்காலத்தில் இதயம்தான் உங்களைக் கைவிட்டது. நாளம் கடைசிவரை தன் வேலையைச் செய்தது.

கிரவீனில் என் வீட்டில் தனியே இருக்கும்போது சில வேளை என் இடக்கையில் இரு விரல்களை வைத்துப் பார்க்கிறேன். ஓர் அசைவும் இல்லை. கத்தி தொடாத நாளம் அப்படித்தான் அமைதியாக இருக்கும், அதுதான் சுகம். எனக்குத் தெரியும். ஆனாலும் விரல்களை உடனே எடுக்க மனம் வருவதில்லை.