இடது பக்கத்து கியர்

எப்போதும் எனக்கு முன்னால் மிதித்துப் போகிறவளுக்கு,

எதிரே உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புதுச் சக்கரங்கள் போட்டாகிவிட்டது. கியரெல்லாம் இப்போது பின்சக்கரத்தின் நடுவே இருக்கிற ஹப்புக்குள்ளேயே இருக்கிறது. நின்றபடியே மாற்றலாம், ஒரு கை போதும்.

அந்த ஒரு கையில்தான் சொதப்பிவிட்டேன். தினமும் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்த பழக்கத்தில், எனக்கு இடப்பக்கம் அசைகிற அந்த ஒரே கையை உன் இடது கை என்றே நினைத்துவிட்டேன். கியர், பிரேக் எல்லாவற்றையும் இடது பக்கமே பூட்டச் சொன்னேன். நேற்று நீ வலது கையால் கரண்டியைப் பிடித்தபோதுதான் உறைத்தது.

சாயங்காலம் மெக்கானிக்கிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "பத்து நிமிஷ வேலை சார், வலது பக்கம் மாத்திடவா?"

"வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன். ஏனென்று அவர் கேட்கவில்லை.

இன்று உன்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். "அவங்க இடது கையைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசணும்." சைக்கிள் கடையைப் பூட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

கடைக்கு இன்று விடுமுறை.

இப்படிக்கு,
மூச்சு வாங்கிக்கொண்டே உன் பின்னால் வருகிறவன்