மணிக்கூண்டில் பார்த்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இன்று ஞாயிறு, திராட்சைத் தோட்ட வேலைக்கு விடுமுறை. உடன் வேலை செய்பவர்களோடு மோசெல் ஆற்றங்கரையிலுள்ள பழைய கிராமத்துக்கு வந்தேன். கோட்டையைப் பார்த்துவிட்டுத் தேவாலய மணிக்கூண்டில் ஏறினேன். அங்கே தொங்கிய மணியில் நம் ஊர்ப் பெயர் பொறித்திருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னம்மா, தலை சுத்துதா?” என்றார் மணியடிக்கும் எர்வின்.

“இது எங்க ஊர் மணிங்க. போர்ல உங்க நாட்டுப் பட்டாளம் பீரங்கிக்கு உருக்கறதுக்குன்னு எறக்கிட்டுப் போனது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “போர் முடிஞ்சப்ப உருக்காம மிஞ்சினதுன்னு எங்களுக்குக் கொடுத்தாங்க. யாரோடதுன்னு நாங்க கேக்கவே இல்லம்மா.”

பிறகு மணிக் கயிற்றை என் கையில் கொடுத்தார். இழுத்து அடித்தேன்.

குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிக் காலுறை அனுப்புங்கள். மணியைத் திருப்பிக் கேட்கும்படி நம் பாதிரியாரிடம் சொல்லுங்கள். திரும்பிப் போகும் பேருந்து வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன். நீங்கள் சின்ன வயதில் கேட்ட ஓசையை நானும் கேட்டுவிட்டேன், அப்பா.

உங்கள் ஹலினா