கரட்டுச் சரிவில் கயிறு பிடித்தவர்கள்

என் சின்னு மச்சானுக்கு,

ஆடிக் காற்று வந்துவிட்டது. மேற்கே கணவாய் வழியாக, ஆளைத் தள்ளுகிற அதே காற்று. கிளைடருக்கு இதைவிட நல்ல காற்று இல்லை என்பாய். காற்று இருக்கிறது.

மார்கழியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நம் கிளைடர் சங்கத்தில் மிஞ்சியது நான் ஒருவன். மற்றவர்கள் கோயமுத்தூருக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். படிப்பு, வேலை. குறை சொல்லவில்லை. ஆனால் எஞ்சின் இல்லாத விமானத்தைத் தனி ஆளாக எப்படிப் பறக்கவிடுவது? மூக்கில் ரப்பர் கயிறு மாட்டி, இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் கரட்டுக் குன்றின் சரிவில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருவர் வாலைப் பிடித்திருந்து சரியான நேரத்தில் விட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் நீ செய்தது வெறும் மரச்சட்டம், துணி.

உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார். "மாப்ள, ஆடி முடியட்டும். அதுக்குள்ள ஆளு சேரலீன்னா பிரிச்சுப் போட்டர்றேன். கொட்டாயில அது நிக்கறதப் பாத்துட்டு என்னால சோறு திங்க முடியல."

ஆள் சேர்க்கிறேன் மாமா என்றேன்.

பறந்து காட்டித்தான் ஆள் சேர்க்க வேண்டும், பேசி அல்ல என்று நீ சொல்வாய். ஆகவே கோவிந்தாபுரம் சந்தையில் தமுக்கு அடிக்கச் சொன்னேன். கிளைடர் என்றால் யாருக்குப் புரியும்? 'வெள்ளிக்கிழமை கரட்டுச் சரிவில் விமானம் பறக்கும். தேர் வடம் பிடிக்கிற மாதிரிதான். பிடிக்க ஆள் வேண்டும்' என்று சொல்லச் சொன்னேன்.

தேர் என்ற சொல் வேலை செய்தது. அளவுக்கு மேலேயே.

குளித்துவிட்டு வந்தார்கள், மச்சான். வெளுத்த வேட்டி. தேங்காய், கற்பூரம். ஒரு பெரியவர் முட்டுக்கட்டையைத் தோளில் சுமந்து வந்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, சக்கரம் எங்கீங்க? கட்டைய எதுல போடறது?"

"சக்கரமே இல்லீங்க."

"அப்பறம் எப்படி நிப்பாட்டுவீங்க?"

நியாயமான கேள்வி. மிதந்து வந்து தானாகத் தரை தட்டும் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

கோயில் தர்மகர்த்தா கயிற்றின் முதல் ஆளாக நின்றார். அவர் ஆட்கள் பின்னால், வாலைப் பிடிக்க ஒருவர். முதல் மரியாதை மாலை எங்கே என்று கேட்டார். நான் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஓடுங்கள் என்று கத்தினேன். அவர்கள் ஓடவில்லை. தேர் இழுத்தார்கள். ஒரு கூச்சல், ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். வடம் அதைப் பொறுக்கும். ரப்பர் பொறுக்காது. நின்ற இடத்தில் எல்லோரையும் பின்னால் சுண்டியது. தர்மகர்த்தா மல்லாந்து விழுந்தார்.

"தேரு நம்மள இழுக்குதுடோய்!" என்று யாரோ ஒருவன் கத்தினான். கரடே சிரித்தது. கிளைடர் ஒரு சாண் நகரவில்லை.

அப்போது பனைமரத்தடியிலிருந்து ஒரு குரல். "நிக்காம ஓடோணுமுங்களா?"

ராக்கன். உங்கள் வயலில் உழுகிறவர். அவர் குடியிருப்பான வளவின் ஆட்கள் சிலரும் நின்றிருந்தார்கள். தேரோட்டத்திலும் அவர்கள் அவ்வளவு தூரத்தில்தான் நிற்பார்கள். வடத்தைத் தொட விடமாட்டார்கள். ஆனால் தமுக்கு அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

"ஆமாங்க. நிக்கவே கூடாது."

"நாங்க புடிக்கலாமுங்களா?"

சிரிப்பு நின்றது.

தர்மகர்த்தா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "தம்பி, அவிய தொட்ட கயித்த நாங்க தொட மாட்டோம். தேருன்னு நீதான சொன்ன?"

"தப்பாச் சொல்லீட்டேனுங்க. இது தேரில்லீங்க. இதுல முதல் மரியாதை கெடையாது. ஓடறவங்க புடிக்கலாம்."

"ரெண்டு எழுத்துப் படிச்ச திமிரு," என்றார். போனார். ஆட்களும் போனார்கள். அவர்களில் மூன்று பேர் மட்டும் நின்றார்கள். ஏன் நின்றார்கள்? கேட்கவில்லை. கேட்டால் அவர்களும் போய்விடுவார்களோ என்று பயம்.

ராக்கனும் அவர் பக்கத்து நால்வரும் வந்தார்கள். இரண்டு பக்கமும் கலந்து நிற்க வைத்தேன். மூவரில் ஒருவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு பிடித்தான்.

வாலுக்கு ஆள் இல்லை. திரும்பிப் பார்க்கிறேன், மாமா குனிந்து வாலைப் பிடித்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது.

நடங்க. ஓடுங்க. ஓடினார்கள். ரப்பர் நீண்டது.

"விடுங்க மாமா!"

அவர் விடவில்லை. இன்னும் ஓடினார்கள். கயிறு முனகியது. குதிகாலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துப் பிடித்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். எதைப் பிடித்திருந்தார், மச்சான்?

விட்டார்.

அவ்வளவு நீண்ட கயிற்றில் நீகூடப் போனதில்லை. புல் போனது. தலைகள் போயின. பிறகு சத்தமே இல்லை. கீழே சோளக்காடு சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்ச நேரம்தான். தரிசில் தரை தட்டினேன், ஒரு முள்வேலி இடது இறக்கையைக் கிழித்தது. முட்டுக்கட்டைப் பெரியவர்தான் முதலில் ஓடி வந்தார். "நின்னுருச்சுங்க!" என்றார்.

மாமா கடைசியில் வந்தார். கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார். "நாளைக்குத் துணி வாங்கியா மாப்ள. இது தாங்காது." அவ்வளவுதான். பிரிப்பதைப் பற்றிப் பிறகு பேச்சில்லை.

எட்டுப் பேரும் பெயர் கொடுத்தார்கள். மறுநாள் அந்த மூவருக்கும் இந்த வருஷம் தேர் வடம் கிடையாது என்று தர்மகர்த்தா சொல்லியனுப்பினார். ஒருவன் விலகிவிட்டான். நான் தடுக்கவில்லை. ஏழு பேர். இன்னும் வேண்டும்.

நேற்று ராக்கன் வந்தார். இறக்கையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"கயிறு புடிக்கறவங்க ஏறவும் செய்யலாமுங்களா?"

"சங்கத்துல சேந்தவங்க எல்லாருக்கும் முறை உண்டுங்க."

"ஊரு பாத்துட்டிருக்கயிலீங்களா?"

"அப்பத்தான் ஏறோணும்."

சிரித்தார். ஊசியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

உனக்குச் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி பறந்து காட்டப் போகிறோம். தர்மகர்த்தாவும் வரட்டும், ஊரையே கூட்டிக்கொண்டு வரட்டும். ஆசனத்தில் ராக்கன் இருப்பார். நான் கயிற்றில், முன்னால் அல்ல, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. நிற்காமல் ஓடுவேன்.

உன் அத்தை மகன்,
வேலு