இரண்டு கமாவுக்கு நடுவில் உங்கள் பெயர்

மாமி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் நான் ஐந்து நிமிஷம் எம்.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் படித்தவனாக வாழ்ந்தேன்.

கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். மேல்படிப்புக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு பக்கக் கடிதம் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுக்கும்போது என் கண் தன்னால் ஒரு வரியில் நின்றது. அவள் அம்மா, கொட்டிவாக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர், தனியாளாக அவளை வளர்த்தார் என்று சொல்கிற வரி. முதல் கமா இருந்தது, இரண்டாவது இல்லை. சட்டைப்பையிலிருந்து உங்கள் சிவப்புப் பேனாவை எடுத்து, நீங்கள் செய்வதுபோலவே மூடியைப் பல்லால் கழற்றி, விட்டுப்போன இடத்தில் ஒரு வால் போட்டேன். பேனாவில் மை தீர்ந்து ரொம்ப நாள் ஆகிறது. தாளில் கீறல்தான் விழுந்தது.

"அங்கிள், நீங்க லிட்ரேச்சரா?"

"எம்.ஏ.," என்றேன். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து வந்தவன். வாய் கூசவில்லை.

"எந்த காலேஜ் அங்கிள்?"

"இங்கதாம்மா. மாட வீதிலயே."

அவளும் சிரித்தாள். திருத்தி மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "அம்மாவைப் பத்தின வரி அங்கிள். அது தப்பாப் போயிருந்தா எனக்குத் தாங்கியிருக்காது" என்றாள். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனா மூடியில் உங்கள் பல் பதிந்த பள்ளம் இருக்கிறது, மாமி. அதில் என் நகத்தை வைத்துப் பார்த்தேன். நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது.

குளத்தையொட்டிய சந்தில் என் டைப்பிங், பிரிண்ட் கடை. எதிரே ஃபேன் காற்று நேராக விழுகிற பிளாஸ்டிக் நாற்காலி உங்களுடையது. பதின்மூன்று வருஷம். ஆராய்ச்சிக் கட்டுரை, சபா மலர், கம்பெனி அறிக்கை என்று இந்த வட்டாரத்தில் இங்கிலீஷில் என்ன அச்சானாலும் அது உங்கள் கண்ணைத் தாண்டித்தான் போகும். நான் டைப் அடித்துத் தருவேன், நீங்கள் திருத்தித் தருவீர்கள். எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு நீங்கள்.

"இன்னா மாமி, பக்கம் பூரா எறும்பு மொய்க்குது," என்பேன்.

"எறும்பு இல்லப்பா, கமா. நீ சாப்பிட்டதெல்லாம் நான் திரும்பப் போடறேன்."

ஒருநாள் சலித்துப்போய் எனக்குக் கற்றுக்கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தீர்கள். நான் தமிழில் சொன்னதை நீங்கள் இங்கிலீஷில் எழுதினீர்கள். 'கிண்டியில் இருக்கும் என் தம்பி ஆட்டோ ஓட்டுகிறான்.' கிண்டியில் இருக்கும் என்ற துண்டுக்கு இரண்டு பக்கமும் கமா போட்டால் எனக்கு ஒரே தம்பிதான். அவன் எங்கே இருக்கிறான் என்பது சும்மா கூடுதல் தகவல். கமா போடாவிட்டால் பல தம்பிகள் உண்டு, அதில் கிண்டிக்காரனைச் சொல்கிறேன் என்று அர்த்தம்.

"எனக்கு மூணு தம்பிங்க மாமி."

"அப்போ போடப்படாது. போட்டா மத்த ரெண்டு பேரும் இல்லேன்னு ஆயிடும்."

"அவனுங்க ரெண்டு பேரும் பொங்கலுக்குக்கூட வந்து எட்டிப் பாக்கல. போடுங்க."

"ஒரு கமாவுல ரெண்டு பேரை அனுப்பிட்டியே, படுபாவி."

"என் சம்சாரம் செல்வி, அதுக்கு?"

"ஒரே சம்சாரம்னா ரெண்டு பக்கமும் கமா. இல்லேன்னா இன்னொருத்தி எங்கேயோ இருக்கான்னு ஆகும்."

"அப்ப நல்லா அழுத்திப் போடுங்க மாமி. வூட்ல பாத்துட்டா சோறு கெடைக்காது."

சிரித்துச் சிரித்து உங்கள் மூக்குக் கண்ணாடி நழுவியது. பிறகு, எனக்காகவே சுருக்கி, ஒரு சூத்திரம் சொன்னீர்கள். "நடுவுல இருக்கறதைத் தூக்கிப் பாரு. வாக்கியம் நிக்கறதா? அர்த்தம் மாறலையா? அப்போ அது கூடுதல். ரெண்டு பக்கமும் கமா. ஒண்ணைப் போட்டு ஒண்ணை விட்டுடாதே, ஒத்தைக் கைப்பிடி வெச்ச பை மாதிரி தொங்கும்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் நினைத்ததைவிட நன்றாகவே பிடித்துக்கொண்டேன். அதுதான் வினை.

அடையாறிலிருந்து பிரின்சிபால் சார் தன் வாழ்க்கைக் கதையை இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்றவர், உங்களோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர். நாலு மாசம் நீங்கள் வரி வரியாகப் படித்தீர்கள். முன்னுரையின் கடைசிப் பத்தியில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். 'என் வகுப்புத் தோழி' என்று தொடங்கி, உங்கள் பெயரை அப்பா பெயரின் முதல் எழுத்தோடு முழுசாகப் போட்டு, 'இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துச் சீராக்கினார்' என்று. அந்த வரியை நீங்கள் எத்தனை தடவை படித்தீர்கள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அந்தப் பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. எத்தனை புத்தகத்தைத் திருத்தியிருப்பீர்கள், ஒன்றிலாவது உங்கள் பெயர் வந்ததில்லை. பிறகு பேனாவை எடுத்து உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா போட்டீர்கள்.

"உங்க பேரும் கூடுதலா மாமி?"

"தூக்கிப் பாரேன். நான் இல்லேன்னாலும் நிக்கும்," என்றீர்கள்.

தூக்கிவிட்டேன்.

அன்றைக்குப் பங்குனித் தேர். மாட வீதி நாலும் அடைத்துவிட்டார்கள். நீங்கள் போன் பண்ணி, "இந்தக் கும்பல்ல என்னால வர முடியாது. நீயே பார்த்து அனுப்பிடு. உன் கையில விட்டா தப்பு வராது," என்றீர்கள். மதியத்துக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும். சார் போனில் கண்டிஷன் போட்டார். முன்னுரை இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது, மூன்றாம் பக்கத்தில் காலமான தன் மனைவியின் படம். எழுத்தையும் சின்னதாக்கக் கூடாது, அவர் வயசுக்காரர்கள் படிக்க வேண்டும். இங்கே ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்து நின்றது. வெளியே நாதஸ்வரம், ஜனம். உங்கள் சூத்திரம் ஞாபகம் வந்தது. இரண்டு கமாவுக்கு நடுவில் இருப்பதைத் தேடித் தேடி எடுத்தேன். இரண்டு இடத்தில் எடுத்தும் அந்த வரி மேலே ஏறவில்லை. கடைசியாக உங்கள் பெயரை எடுத்தேன். ஏறிவிட்டது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அது உங்கள் பெயர் என்று படிக்க எனக்கு இங்கிலீஷ் போதும். 'பாத்தீங்களா மாமி, தூக்கிட்டேன், நிக்குது' என்று சொல்லி உங்களை வம்புக்கு இழுக்கலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. நான் எதையும் கேலியாகவே எடுத்துப் பழகியவன். உங்களுக்கு அது கேலி இல்லை என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் நீங்கள் வந்ததும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், "பெங்களூர்ல அக்காகிட்ட சொல்லிட்டேன்ப்பா, என் பேர் அச்சுல வரதுன்னு. பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருக்கேன், வெளியீட்டு விழாவுக்கு," என்றீர்கள். என் வாய் மூடிக்கொண்டது. அப்போதே அச்சகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். போன் என் பையில்தான் இருந்தது.

புத்தகம் வந்த அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நேராக முன்னுரையின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தீர்கள். நான் பிரிண்டருக்குள் ஏதோ சிக்கியதுபோல அதற்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

"கடைசியில அவர் ஏதாவது மாத்தச் சொன்னாரா?"

"ஆமா மாமி. இன்னாவோ சொன்னாரு."

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அதில் பாதி நிஜம்கூட.

என்னைச் சந்தேகப்படுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் அந்த வரியில் விரலை வைத்து, "இது விட்டுப்போனது இல்லை. விட்டுப்போயிருந்தா ஒரு கமாவாவது மிச்சம் நிக்கும். ரெண்டையும் சேர்த்து எடுத்திருக்கு. பாஷை தெரிஞ்ச கை இது," என்றீர்கள். எதிர்ப் பக்கத்தைப் பார்த்தீர்கள். "இங்கே அவர் ஆத்துக்காரி படம். பக்கத்துல என் பேர் எதுக்குன்னு நினைச்சிருப்பார். நியாயம்தானே." புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "நன்னா வந்திருக்குப்பா," என்றீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்ததால் நான் தப்பித்தேன், மாமி. கொஞ்சம் மக்காக இருந்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன், நீங்களும் என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு விழாவுக்குப் போயிருப்பீர்கள்.

தி.நகரில் நடந்த விழாவுக்கு முட்டிவலி என்று சொல்லிவிட்டீர்கள். சார் போன் பண்ணினால் எடுப்பதில்லை. அவர் கடைக்கே வந்து, "என்னப்பா, என் மேல என்ன கோவம் அவளுக்கு?" என்று கேட்டார். "தெரில சார்," என்றேன். அச்சான புத்தகத்தில் உங்கள் பெயர் இல்லாததை அவர் கவனிக்கவே இல்லை. எழுதினவர் கண்ணுக்கு விட்டுப்போனது தெரியாது, மனசில் இருப்பதைத்தான் படிப்பார் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

அதற்குப் பிறகும் நீங்கள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தீர்கள், அதே பேனாவால் எறும்பு விட்டீர்கள், என் கேலிக்குச் சிரித்தீர்கள். நான்தான் முன்னைவிட அதிகமாகக் கேலி பேசினேன். சும்மா இருந்தால் சொல்லிவிடுவேனோ என்று பயம். ஒருநாள் பேனாவை என் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள். அந்த வாரமே உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். நாலாம் நாள் நீங்கள் இல்லை. சார் மாலையோடு வந்து உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே போகத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாத மாதிரி நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்தப் பெண் கடிதத்தோடு வந்து போன மறுநாள் அடையாறுக்கு பஸ் ஏறினேன். நீங்கள் திருத்திய பழைய புரூஃபையும் எடுத்துப் போனேன். சார் வீட்டில்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வழியில் தயார் பண்ணி வைத்திருந்த ஒரு ஜோக்கும் வரவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"என்னைத்தான் நினைச்சிண்டு போயிட்டாளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன். புரூஃபை வாங்கி உங்கள் சிவப்பு மையைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ரெண்டு கமாவும் என்னுது இல்லையே. எங்க கிளாஸ்ல நாப்பது பேரு. அவ பேரு இல்லேன்னா அது யாருன்னே தெரியாது. நான் கமா இல்லாமதான் எழுதினேன்."

மூன்று தம்பிக் கணக்குதானே இது, மாமி. எனக்கே புரிந்தது, உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா. கையெழுத்து உங்களுடையது, என்ன நினைத்து அதைப் போட்டீர்கள் என்று இனி யாரைக் கேட்பது? உங்கள் பெயரைத் தூக்கலாம் என்று நீங்களே முடிவு செய்தீர்களோ என்னவோ. நான் அதைக் கேட்டுக்கொண்டு தூக்கியிருக்கக் கூடாது.

"எடுத்தவன் நீ. நீயே திரும்ப வை," என்றார் சார். பரணில் மிச்சம் இருந்த புத்தகங்களை எல்லாம் என்னிடம் கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு பிரதி.

இப்போது என் மேஜைமேல் யார் தாள் வந்தாலும், எதையும் எடுக்கும் முன்னால் இரண்டு கமாவுக்கு நடுவில் யார் இருக்கிறார் என்று வாய்விட்டுப் படித்துவிடுகிறேன். பேனாவில் மை ஊற்றவில்லை. அது அப்படியே பையில் இருக்கிறது. செல்வி ரெண்டு தடவை தூக்கிப் போடப் பார்த்தாள், விடவில்லை.

அந்த வரியைச் சார் எழுதியபடியே, கமா இல்லாமல், உங்கள் முழுப் பெயரோடு சீட்டாக அச்சடித்தேன். கடையை இரண்டு நாள் சாத்திவிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் பழைய வரியின் மேல் என் கையாலேயே ஒட்டினேன். பிரிந்து வந்துவிடக் கூடாது என்று பசையைத் தாராளமாகவே வைத்தேன். ஒட்டியதை மூடி, அடுக்கி, மேலே பேப்பர் கட்டுகளைப் பாரமாக ஏற்றிவிட்டுப் போனேன். காலையில் பார்த்தேன். உங்கள் பெயர் இருக்கும் பக்கம் எதிர்ப் பக்கத்தோடு, அதாவது சாருடைய மனைவியின் படத்தோடு, நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டிலும்.